ஐந்து மீட்டரில் மிஞ்சிய துணி

எங்கட செட்டில் முழங்கால் நோகாமல் இருக்கிறவள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கோ. கையும் தோளுக்கு மேல் போகாது என்று எனக்குத் தெரியும், அது கிடக்கட்டும். அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வெள்ளவத்தைக்கு வந்து, இருந்து சாப்பிட்டு, போகும்போது என் கையைப் பிடித்து அழுத எல்லாருக்கும் நன்றி. எல்லாரையும் சிரிக்க வைத்த ஒருத்திக்கும் நன்றி. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குரூப்பில் போட்டதும் நீளம் என்று சுளிக்காமல் கடைசி வரை வாசியுங்கோ.

அவள் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள்தானே. சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கட அம்மா நல்ல மனுசி, ஆனா வயித்தெரிச்சல்ல என்னைத் தேரில தைச்சு வச்சவ" என்றாள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் பல்லைக் காட்டினேன். வேறென்ன செய்ய, செத்த வீட்டுச் சாப்பாட்டில் சண்டை பிடிக்கவா?

அவள் கொட்டாஞ்சேனையில் எங்கள் எதிர்வீட்டுக்காரி. எங்கட வகுப்பில் ஆகக் குள்ளமானவள். இப்போது எங்கள் எல்லாரையும் விட உயரம், அதுவும் ஒரு வேடிக்கை. பெயர் எழுத மாட்டேன், எதிர்வீட்டுப் பிள்ளை என்றே எழுதுகிறேன். அவளுக்குக் கோபம் வந்தால் வரட்டும், எனக்கு இத்தனை வருசமாக வந்துகொண்டிருக்கிறது.

எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு, ஒழுங்கை என்கிற அந்தச் சின்னத் தெரு வளைகிற இடத்தில், மாடியில். ஜன்னலைத் திறந்தால் மின்சாரக் கம்பிகள் கிட்டத்தட்ட எங்கள் கண்மட்டத்தில் போகும். அந்தக் காலத்துக் கம்பிகளுக்கு உறை கிடையாது, வெறும் உலோகம். வளைவில் மட்டும் அவை தொய்ந்து கீழே இறங்கியிருந்தன. அந்த வருசம் மாம்பழக் காலத்தில் ஒரு பழ வௌவால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அகப்பட்டுக் கருகிப்போனது. யாரும் எடுக்கவில்லை. ஒரு கால் கம்பியில் கொளுவியபடி, செட்டையை அரைவாசி விரித்தபடி, அது காய்ந்து கறுத்துத் தொங்கியது. காற்று துறைமுகப் பக்கமிருந்து அடிக்கும்போது மெல்லமாகச் சுற்றும். தங்கச்சி அதற்குக் குட்நைட் சொல்லாமல் படுக்க மாட்டாள். அவளுக்கு ஆறு வயது.

அடியும் அங்குலமும் போய் மீட்டர் வந்த காலம் அது. நினைவிருக்கா? எங்கட பழைய கொப்பிகளின் பின்மட்டையில் அடி, யார், பர்லாங்கு, மைல் என்று அச்சடித்திருந்தது; புதுக் கொப்பிகளில் அதெல்லாம் காணாமல் போய் மில்லிமீட்டர் வந்திருந்தது. பெரியவர்களுக்குத் தலையைச் சுற்றியது. ஆனால் சுற்றுகிறது என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மீட்டர் ஏறக்குறைய ஒரு யார் என்று யாரோ சொல்ல, எல்லாரும் அந்த 'ஏறக்குறைய'வை வெற்றிலைச் சாற்றைப் போலத் துப்பிவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மீட்டர் என்றால் யார், யார் என்றால் மூன்று அடி, அவ்வளவுதான். அப்பா கப்பல் கம்பனியில் கிளார்க். அவரும் அதையேதான் சொன்னார்.

அந்த வருசம் மாதா திருநாளுக்கு எங்கட கோயிலில் புதுத் தேர் செய்வதாக முடிவாகியது. லொறியின் மேல் மரத்தட்டுகளை அடுக்கி, கீழ்த்தட்டில் மாதாவின் சுருவம். பின்னால் எல்லாவற்றுக்கும் உயரத்தில் உள்ள தட்டில் வானதூதர் மாதிரிச் செட்டை கட்டிச் சம்மனசு வேடம் போட்ட ஒரு சின்னப் பிள்ளை நின்று, முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் மாதாவின் தலைக்கு மேல் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். நிற்க வேண்டும், இருக்கக் கூடாது. அந்தத் திட்டம் மூப்பருடையது. கோயில் அலுவல்களை நடத்துகிற பெரியவர், பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்தால் அப்பா கதிரையை விட்டு எழும்பி விடுவார். அந்த வருசம்தான் அப்பாவைத் திருநாள் கமிட்டிக்குச் சேர்த்திருந்தார்கள், அதனால் இரண்டு தரம் எழும்புவார்.

சம்மனசாகத் தெரிவுசெய்யப்பட்டவள் என் தங்கச்சி. வீட்டில் ஒரே கொண்டாட்டம். நான் மூன்று நாள் யாருடனும் கதைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தேரை ஹெந்தளையில் ஒரு மரவேலை பாஸ் செய்தார். அவரிடம் புதிதாக வாங்கிய ஒரு இரும்பு டேப் இருந்தது, அதில் மீட்டர் மட்டும்தான். அப்பாவும் மூப்பரும் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். கடற்காற்று, மரத்தூள் மணம், பக்கத்தில் எங்கோ கருவாடு காய்கிறது. பாஸ் லொறியின் பக்கத்தில் ஏணி வைத்து ஏறி, தரையிலிருந்து மேல்தட்டு வரைக்கும் டேப்பை இழுத்துப் பார்த்து, "மீட்டர் பஹக் தியெனவா" என்றார். ஐந்து மீட்டர் இருக்கிறது.

மூப்பர் கணக்குப் போட்டார். வாயால்தான். ஐந்து மீட்டர் என்றால் பதினைந்து அடி. பிள்ளை மூன்றரை அடி. எல்லாம் பதினெட்டரை.

"வளைவில கம்பியை நானே மூங்கில் பிடிச்சு அளந்தனான்," என்றார். "பத்தொன்பதரை அடி. ஒரு அடி இடம் இருக்கு. போதும்."

"தாராளம், மூப்பர்," என்றார் அப்பா.

அதற்கு மறுநாளோ என்னவோ, அம்மா புறக்கோட்டைக்குப் போய் உடுப்புக்கு வெள்ளை சாட்டின் வாங்கி வந்தா. சட்டைக்கும் இடுப்புப் பட்டிக்கும் செட்டைகளுக்குமாக ஐந்து யார் வேண்டும் என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தா. கடையில் இனி மீட்டரில்தான் வெட்டுவோம் என்றார்களாம். இரண்டும் ஒன்றுதானே என்று அம்மாவும் ஐந்து மீட்டர் வாங்கி வந்தா. சாட்டினின் புதுக் கஞ்சி மணமும் தையல் மெஷின் எண்ணெய் மணமும் இப்போதும் எங்காவது சேர்ந்து வந்தால் நான் அங்கே நிற்க மாட்டேன்.

அம்மா வெட்டி முடித்தபோது ஒரு துண்டு மிஞ்சியது. முழு அகலத்துக்கு ஒரு நீளப் பட்டி. "கடைக்காரன் பிழையா அளந்திட்டான் போல. மாதா தந்தது, இருக்கட்டும்," என்று மடித்து மெஷினின் மேல் வைத்தா. நான் என் பொம்மைக்குக் கேட்டேன், தரவில்லை.

இனிக் கவனமாகக் கேளுங்கோ. அந்தக் கிழமைதான் கணக்கு டீச்சர் மீட்டரை அடியாக மாற்றும் வசனக் கணக்குகளைத் தொடங்கினா. ஒரு மீட்டர் முப்பத்தொன்பது தசம் மூன்று ஏழு அங்குலம் என்று பலகையில் எழுதினா. கணக்கு இதுதான்: ஒருவன் வேலிக்கு ஐந்து யார் கம்பி கேட்டான், கடைக்காரர் ஐந்து மீட்டர் கொடுத்தார், எத்தனை அங்குலம் மிச்சம்? நீங்களும் அதே வாங்குப் பலகையில் இருந்து அதே கணக்கைத்தான் செய்தீர்கள். நூற்றுத் தொண்ணூற்றாறு தசம் எட்டு ஐந்து. அதில் நூற்றெண்பதைக் கழி. பதினாறு தசம் எட்டு ஐந்து, கிட்டத்தட்ட பதினேழு அங்குலம். டீச்சர் சரி போட்டா.

வீட்டுக்கு வந்ததும் நேரே மெஷினுக்குப் போய் அம்மாவின் அளவு நாடாவை எடுத்து அந்தத் துண்டை அளந்தேன். பதினேழு அங்குலம். கடைக்காரர் பிழையாக அளக்கவில்லை. எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம் தெரியுமா? புத்தகத்தில் இருந்த கணக்கு எங்கள் மெஷினின் மேல் மடித்துக் கிடந்தது. துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் போய் நின்றேன். வௌவால் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் விளங்கியது.

தேரும் ஐந்து மீட்டர்.

அதுவும் பதினைந்து அடி இல்லை. பதினைந்து அடியும் பதினேழு அங்குலமும். அதன் மேல் தங்கச்சி மூன்றரை அடி. கம்பி அவள் தலைக்கு மேல் ஒரு அடி தள்ளிப் போகாது, நெற்றிக்கு நேரே வரும். அவளுக்குத் தகரக் கிரீடமும் கம்பி வளைத்துக் கட்டிய செட்டைகளும் வேறு. சமையலறையில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

அம்மாவிடம் காட்டினேன். கொப்பியையும் துண்டையும். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவ, தசமக் கணக்கு அவவுக்கு விளங்காது. ஆனால் துணி விளங்கும். துண்டைக் கையில் எடுத்து, தன் நாடாவால் தானே ஒருதரம் அளந்தா. பிறகு ஜன்னலுக்குப் போய் நின்று பார்த்தா.

அப்பா வந்ததும் சொன்னா. அப்பா சிரித்தார்.

"மூப்பர் ஐயா எத்தனை பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவர். இது நேற்றுப் பிறந்தது, அவருக்குப் பிழை பிடிக்குது."

"அந்தத் தேரை இன்னொருக்கா அடியில அளக்கச் சொல்லுங்கோவன்," என்றா அம்மா. "அளக்கிறதில என்ன குறைஞ்சு போகும்?"

"நான் கமிட்டிக்கு வந்து ஒரு மாசம் ஆகேல்ல. போய் என்னெண்டு சொல்ல? என்ர மனுசி துணி வெட்டிக் கண்டுபிடிச்சவ எண்டா?"

அப்படியும் அப்பா போனார், அதை மறைக்கக் கூடாது. போன வேகத்தில் திரும்பி வந்தார். மூப்பர் முதுகில் தட்டி, "ஏறக்குறைய எண்டு கவர்ன்மெண்டே சொல்லுது, நீர் ஏன் பயப்பிடுறீர்? மாதா வாற வழியில கம்பி என்ன செய்யும்?" என்று கேட்டாராம். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு எந்தக் கத்தோலிக்கன் வாயைத் திறப்பான்? அப்பா மாடியேறி வந்து செருப்பைக் கழற்றி, "விடு," என்றார்.

அம்மா விட்டா. அப்படித்தான் நானும் நினைத்தேன். திருநாள் வரைக்கும் அந்த வீட்டில் மெஷின் சத்தம்தான். இராப்போல் கறுத்த வௌவால் வெளியே, வெள்ளை சாட்டின் உள்ளே. தங்கச்சி ஒவ்வொரு நாளும் கட்டிலின் மேல் ஏறி, கைகளை நீட்டி, கிரீடம் பிடித்துப் பழகினாள். நான் கட்டிலின் கீழே இருந்து பார்த்தேன். அவள் தலைக்கு மேல் ஒரு கோடு ஓடுவது எனக்கு மட்டும் தெரிந்தது.

திருநாள் விடிந்ததும் தங்கச்சிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. பாவம், காலை முழுக்கக் கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக ஓடினாள். எங்கள் காலத்தில் விடுமுறைக்கு விடுமுறை பேதி குடித்தவர்கள்தானே நாங்கள், அந்த ஆமணக்கெண்ணெய் மணம் எனக்குத் தெரியாதா? அவளுடைய கோப்பிக் கப்பில் மணத்தது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்து, "வாயை வச்சுக்கொண்டு சும்மா இரு," என்றா.

நான் என்ன கண்டேன், காப்பாற்றியாகிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். மத்தியானம் மூப்பர் படியேறி வந்தார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுப் பிள்ளையும் அவளின் தாயும்.

"ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்," என்றார் மூப்பர். "இவ நிப்பா. நாலடி, கொஞ்சம் உசரம்தான். பதினைஞ்சும் நாலும் பத்தொன்பது. அப்பவும் அரை அடி இருக்கு. உடுப்பை மட்டும் கொஞ்சம் இறக்கித் தையுங்கோ."

அம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். அடுப்பில் இருந்த பாலைக் கண்முன்னால் பொங்க விட்டவ மாதிரி. எதிர்வீட்டு மாமியை உள்ளே கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில், "அக்கா, பிள்ளையை ஏத்த வேண்டாம், கம்பி தட்டும்," என்றா.

மாமி சிரித்தா. "உங்கட பிள்ளை நிண்டா தட்டாத கம்பி, என்ர பிள்ளை நிண்டா மட்டும் தட்டுமோ?"

அதற்கு அம்மா என்ன பதில் சொல்வா? என் பிள்ளைக்கு நான்தான் பேதி கொடுத்தேன் என்றா?

எதிர்வீட்டுப் பிள்ளை கட்டிலின் நடுவில் நின்றாள். கண் மினுங்கியது. அம்மா முழங்காலில் இருந்து உடுப்பின் கரையை இறக்கித் தைத்தா. வாயில் ஊசிகள். செட்டைகள் தலைக்கு மேல் போகாமல் தோளுக்குக் கீழே இறக்கிக் கட்டினா, தலைக்கான தகரக் கிரீடத்தை வைக்காமலே விட்டா. கடைசியாக, மெஷினின் மேல் மடித்து வைத்திருந்த அந்தப் பதினேழு அங்குலத் துண்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டா.

தேர் கோயில் வாசலில் நின்றது. பின்னேரம். சாமந்திப் பூ, மெழுகுதிரி, டீசல் எல்லாம் ஒன்றாக மணத்தது. அம்மா ஏணியில் ஏறி மேல்தட்டுக்குப் போனா; பிள்ளைக்கு உடுப்புச் சரிபார்க்க என்று சொல்லி. மேல்தட்டில் சிவப்பு மெத்தை ஒன்று ஆணி அடித்து இருந்தது. "மகள், இப்ப முழங்காலில இருங்கோ, வண்டி வெளிக்கிட்டதும் எழும்பலாம்," என்று அம்மா சொன்னதைக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் கேட்டேன். பிறகு அம்மாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முழங்கை போய் வந்தது, போய் வந்தது. மூப்பர் கீழே நின்று கைகளைத் தட்டி அவசரப்படுத்தினார். அம்மா இறங்கி வந்தபோது சட்டைக்குள் துண்டு இல்லை.

நான் ஓடிப்போய் எங்கள் ஜன்னலில் நின்றேன். தங்கச்சி கட்டிலில் சுருண்டு படுத்து அழுதுகொண்டிருந்தாள். வயிற்றுக்காக இல்லை, சம்மனசு போன துக்கம். பாண்ட் வாத்தியம் நெருங்கியது. ஒழுங்கைக்குள் தேர் திரும்பியபோது பார்த்தேன். சம்மனசு எழும்பப் பார்க்கிறாள், முடியவில்லை. அந்த வெள்ளைத் துண்டு அவளுடைய கெண்டைக்கால்களின் மேலாகப் போய் இரண்டு பக்கமும் மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. அவள் இழுத்தாள், உதைத்தாள். கிரீடம் மடியில் கிடந்தது, மாதாவின் தலை வெறுமையாக இருந்தது. ஆட்கள் கையைக் காட்டினார்கள். கீழே மூப்பர் முகம் சிவந்து மேலே பார்த்து ஏதோ கத்தினார், அவளை எழும்பச் சொல்லித்தான். அவள் இன்னும் பலமாக இழுத்தாள். அம்மா தேருக்கு முன்னால் செபமாலையோடு நடந்து வந்தா, திரும்பிப் பார்க்கவே இல்லை.

தையல் பிரிந்தால்? எனக்கு அந்தப் பயம் ஒன்றுதான். அம்மாவின் தையல் பிரிந்ததில்லை, ஆனால் அது சாட்டின். நூல் பிடித்தாலும் துணி கிழியும்.

லொறி வளைவுக்கு வந்தது. வௌவால் தொங்கிய கம்பிக்கு நேரே. எதிர்வீட்டுப் பிள்ளை வெட்கத்தில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, குனிந்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள். கம்பி அவள் முதுகுக்கு மேலால் போனது. நான் கண்மட்டத்தில் நின்று பார்த்தேன். நிமிர்ந்திருந்தால் முழங்காலில் இருந்தபடியே தலைமயிரைத் தொட்டிருக்கும். அழுதால் குனிவாள் என்று அம்மா நினைத்துத்தான் செய்தாவோ என்று எத்தனையோ தரம் கேட்க வாயெடுத்திருக்கிறேன்.

அவளுக்குப் பின்னால் தட்டில் ஒரு மூங்கில் நட்டு, அதில் சரிகைத் தோரணம் கட்டியிருந்தார்கள். மூங்கில் நாலடி இருக்கும், அவள் எழும்பி நின்றால் எவ்வளவோ அவ்வளவு. தோரணம் இரண்டு கம்பிகளிலும் பட்டது. நீலமாக ஒரு வெளிச்சம், சட்டென்று ஒரு சத்தம், சரிகை எரிந்து கருகி விழுந்தது. வௌவாலும் கூடவே விழுந்தது. கீழே எல்லாரும் பட்டாசு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அப்பா மட்டும் நின்றுவிட்டார். ஊர்வலம் அவரை விலத்திக்கொண்டு போனது. அவர் தெருவில் கிடந்த கருகிய சரிகையைக் குனிந்து எடுத்து, அண்ணாந்து கம்பியைப் பார்த்து, பிறகு போய்க்கொண்டிருந்த தேரைப் பார்த்தார். அடுத்த மாசம் கமிட்டியை விட்டார். ஏன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அவரில் ஆறாத கோபம்.

பிறகு நடந்ததுதான் உங்கள் எல்லாருக்கும் தெரியுமே. தன் பிள்ளைக்குக் கிடைக்காத வயித்தெரிச்சலில் ஊரான் பிள்ளையைத் தைத்து வைத்தவ. மாதாவின் முடியைத் தட்டிவிட்டவ. எதிர்வீட்டு மாமி வாசலில் நின்று மண் அள்ளித் தூற்றினா. திருநாள் உடுப்புகள் தைக்க அம்மாவை அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் வெள்ளவத்தைக்கு வீடு மாறும்வரை அம்மா முதல் பூசைக்குப் போய் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, ஆட்கள் எழும்ப முன்னமே வந்துவிடுவா.

வளர்ந்த பிறகு கேட்டேன், ஏன் அம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை, மூப்பரும் செத்துப்போனார்தானே என்று. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. "முதல்ல என்ர பிள்ளையை மட்டும்தானே தேரில இருந்து எடுத்தனான்," என்றா. "அதையும் சேர்த்தெல்லோ சொல்லோணும்." தான் சாகும் வரைக்கும் சொல்லாதே என்றா, சொல்லவில்லை. இப்போது முப்பது நாளும் கழிந்துவிட்டது.

எதிர்வீட்டுப் பிள்ளை, இனி உனக்கு மட்டும். நீ கணக்கில் என்னை விடக் கெட்டிக்காரி, அது எனக்கு அப்போதும் பொறுக்காது. அதனால் எங்கட டீச்சர் தந்த மாதிரியே ஒரு வசனக் கணக்குத் தருகிறேன். ஒரு தேரின் மேல்தட்டு தரையிலிருந்து ஐந்து மீட்டர் உயரம். அதில் நாலடி உயரமான ஒரு பிள்ளை எழும்பி நிற்கிறாள். வளைவில் மின்கம்பி பத்தொன்பதரை அடியில் போகிறது. ஒரு மீட்டர் முப்பத்தொன்பது தசம் மூன்று ஏழு அங்குலம். மூன்று அடி இல்லை.

பேத்தியின் போனில் போடாதே, கடதாசியில் செய். செய்துவிட்டு உன் பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வை. அவளுக்கும் இப்போது நாலடிதான் இருக்கும்.